குளூட்டன் சேராத பிள்ளையோடு வீட்டிலேயே விடுமுறை: என்ன செய்து சாப்பிடலாம், எதை வைத்து விளையாடலாம்?

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 வயது. அவளுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் எனும் புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) என்று 5 மாதங்களுக்கு முன்பு உறுதியானது. மகனுக்கு 4 வயது. அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. விடுமுறையில் இருவரையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிஸ்கட், பிரெட் செய்யலாம் என்று பார்த்தேன். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு போட்டால் பிஸ்கட் மணலாக உதிர்கிறது. பிரெட் ஓவனில் நன்றாக உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிவிடுகிறது. உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது. பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவிலும் கோதுமை உண்டு என்கிறார்கள். அதைத் தொடலாமா? மகளின் தோழிகள் ஒருநாள் வீட்டுக்கு வருகிறார்கள். பேசாமல் குடும்பமே கோதுமையை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறோம். வழி சொல்லுங்கள்.

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதுதான் முதலில் முடிவாக வேண்டியது. உங்கள் மகனுக்கு சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் அவனுடைய சாப்பாட்டிலிருந்து கோதுமையை இப்போது எடுக்காதீர்கள். மக்கள்தொகையில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கும் இந்த நோய், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோரில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), பிள்ளை குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் உயர்ந்து தெரியும். முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு சோதித்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். அப்புறம் சோதனைக்காகவே வாரக்கணக்கில் திரும்பக் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். நீங்களும் கணவரும்கூட இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதற்கப்புறம் குடும்பமே மாறுவதா வேண்டாமா என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

அதுவரைக்கும் நடுவழி ஒன்று இருக்கிறது. விடுமுறை முடியும்வரை உதிரி மாவாக எந்தக் கோதுமையும் வீட்டில் திறக்க வேண்டாம். மைதா, ஆட்டா, ரவை மூன்றும் கோதுமைதான். சலிக்கும்போதும் பிசையும்போதும் பறக்கும் தூள் மேடை, அடுப்பு, துணி என்று எல்லாவற்றிலும் படியும். அது அடங்கவே வெகுநேரம் ஆகும். மகனுக்கு வேண்டிய பிரெட்டைக் கடையில் வாங்கி, சாப்பாட்டு மேசையில் அவனுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில், ஒரே தட்டில் வைத்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேசையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சாதாரண பிரெட் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. நாள் முழுவதும் சேர்த்து 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் குடல் பாதிப்பதில்லை. அதாவது அந்தத் துண்டை 200 பங்காக்கினால் ஒரு பங்கு. வெண்ணெய் டப்பாவில் ஒட்டியிருக்கும் சில துணுக்குகளே அந்த அளவைத் தொட்டுவிடும். அதனால் வெண்ணெய், ஜாம் இரண்டுக்கும் மகளுக்கென்று தனி டப்பா வைத்து, சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். சல்லடை, மரப்பலகை, பூரிக்கட்டை, டோஸ்டர் நான்கையும் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இடுக்கில் மாவு தங்கும். இவை புதிதாக, தனியாக இருக்கட்டும். எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவினால் பொதுவாகவே பயன்படுத்தலாம். சூட்டில் குளூட்டன் அழியாது. கைக்குத் தடவும் சானிடைசரும் அதை ஒன்றும் செய்யாது. கோதுமை மாவில் தோய்த்த பண்டம் பொரித்த எண்ணெயில் மகளுக்கு எதையும் பொரிக்கக் கூடாது.

மாவு வாங்கும்போது ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரநிலைப்படி, அப்படி அச்சிட்டால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு எதிலும் இயற்கையாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே இவற்றையும் அரைத்தால் கலந்துவிடும். ஓட்ஸிலும் இதே சிக்கல் இருக்கிறது. அதற்கென்று சான்று பெற்ற ஓட்ஸைக்கூட மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அதிலுள்ள புரதமே ஒத்துக்கொள்வதில்லை. பேக்கிங் பவுடர், சோயா சாஸ், பெருங்காயத் தூள், கார்ன்ஃப்ளேக்ஸ், சத்துமாவுப் பானம், மிட்டாய் எதையும் லேபிள் படிக்காமல் எடுக்காதீர்கள். 7 வயதுப் பெண் தானே வாசிப்பாள். கோதுமை, பார்லி, ரை, மால்ட் என்ற நான்கு சொற்களை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுகளில் அவை எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். தம்பி பாக்கெட் எடுத்துக் கொடுக்கட்டும். அக்கா படித்துப் பச்சை அல்லது சிவப்பு ஒட்டட்டும். ஒரு மழைநாள் காலை இதிலேயே போய்விடும். அவளுக்கு இது வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும் பழக்கம். முடிவில் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி பிஸ்கட். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் வலைபோலப் பின்னி மாவைப் பிடித்துக்கொள்ளும். அரிசி மாவில் அந்தப் பிடிப்பு இல்லை. தவிர, அது தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். பிசைந்த உடனே சுட்டால் உள்ளே மாவுத்துகள் வறண்டே இருந்து, வாயில் நறநறக்கும், தொட்டால் உதிரும். ஆக இரண்டு வேலை செய்ய வேண்டும்: பிடிப்புக்கு ஏதாவது சேர்க்க வேண்டும், ஊற நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கலவை மாவு தயார் செய்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நைசாக அரைத்த அரிசி மாவு 300 கிராம், கார்ன்ஃப்ளார் 100 கிராம், மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம். கப்பில் அளக்காதீர்கள், ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு கனம், கப்புக் கணக்கு ஏமாற்றிவிடும். கார்ன்ஃப்ளார் என்பது வெள்ளை வெளேரென்று விரலில் கிறீச்சிடும் ஸ்டார்ச். மஞ்சள் மக்காச்சோள மாவு வேறு.

பிஸ்கட்டுக்கு: இளகிய வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், முட்டை 1, வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், மேலே சொன்ன கலவை மாவு 220 கிராம், சாந்தன் கம் (மாவுக்குப் பிடிப்புத் தரும் பொடி) அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வேண்டாமென்றால் பால் 2 முதல் 3 மேசைக்கரண்டி, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு. பேக்கிங் பவுடர் போடாதீர்கள். போட்டால் நட்சத்திரம் வெட்டினாலும் வட்டமாகத்தான் வெளியே வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்காமல் மசிய மட்டும் கலந்து, முட்டையும் எசென்ஸும் சேருங்கள். மாவு, சாந்தன் கம், உப்பு மூன்றையும் தனியாக நன்றாகக் கலந்து அதில் கொட்டிப் பிசையுங்கள். சாந்தன் கம் நேரே ஈரத்தில் விழுந்தால் கட்டி தட்டிவிடும். குளூட்டன் இல்லாததால் பிள்ளைகள் எவ்வளவு பிசைந்தாலும் மாவு இறுகாது. இதைச் சிறுவர்களோடு செய்வதில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான். மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தாளோடு அப்படியே ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். வெண்ணெய் இறுகும், மாவும் ஊறும். பிறகு அச்சால் வெட்டி, சுற்றியுள்ள மாவை மட்டும் உரித்தெடுங்கள். வெட்டிய வில்லையைக் கையால் தூக்கினால் உடையும், அது தாளிலேயே இருக்கட்டும். 170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 14 நிமிடம், ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்வரை. எடுத்ததும் தட்டிலேயே 10 நிமிடம் தொடக் கூடாது. சூட்டில் அவை மெத்தென்று இருக்கும். ஆற ஆறத்தான் உறுதிப்படும். ‘உதிர்கிறது’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் தூக்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பச்சை மாவை யாரும் ருசி பார்க்கக் கூடாது. முட்டையில் மட்டுமல்ல, சுடாத எந்த மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

ஃப்ரிட்ஜில் மாவு ஊறும் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகள் “ஆச்சா, ஆச்சா” என்று கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். விளையாட்டை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துங்கள். கார்ன்ஃப்ளார் 2 கப், தண்ணீர் 1 கப், ஓர் அகலத் தட்டு. மெதுவாகக் கலக்கினால் தண்ணீர்போல ஓடும். முஷ்டியால் குத்தினால் கல்போல நிற்கும். கையில் உருட்டும்வரை உருண்டையாக இருந்து, நிறுத்தினதும் விரலிடுக்கில் வழியும். ஸ்டார்ச் துகள்கள் திடீர் அழுத்தத்தில் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்வதால் இப்படி. ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு ஸ்பூன் மாவு, பொடிந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யலாம். முடிந்ததும் சிங்க்கில் ஊற்றாதீர்கள்; குழாயில் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.

பிரெட் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் முடியாததல்ல. உங்கள் பிரெட் உப்பி அமுங்கியதற்குக் காரணம், ஈஸ்ட் உண்டாக்கிய காற்றைத் தாங்க உள்ளே சுவர் இல்லை. அந்தச் சுவரை இசப்கோல் உமி தரும். சாந்தன் கம்மை அதிகமாகப் போட்டு ஈடுகட்டப் பார்த்தால்தான் பிசுபிசுப்பு வரும்.

இசப்கோல் உமி 20 கிராமை 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கிளறி 10 நிமிடம் விடுங்கள். கெட்டியான ஜெல்லாகிவிடும், கரண்டியை அதில் குத்திவைத்தால் நிற்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்: ஒரு கண்ணாடித் தம்ளரில் அரை டீஸ்பூன் உமி, கால் தம்ளர் தண்ணீர், நிமிடத்துக்கொருமுறை சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த உமியை மட்டும் வாயில் போடவிடாதீர்கள். தொண்டையில் உப்பி அடைக்கும்.

வேறொரு பாத்திரத்தில் வெள்ளைச் சோள மாவு (ஜோவார்; கார்ன்ஃப்ளார் அல்ல) 150 கிராம், அரிசி மாவு 100 கிராம், மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் 150 கிராம், சர்க்கரை 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 7 கிராம் கலந்துகொள்ளுங்கள். ஜெல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் 2 டீஸ்பூன் சேர்த்து, எங்குமே உலர்ந்த மாவு தெரியாமல் போகும்வரை அழுத்திப் பிசையுங்கள். கையில் லேசாக ஒட்டும். அது சரியான பதம். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவினால் செங்கல் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் தடவிய பிரெட் டின்னில் அழுத்தி, ஈரக்கையால் மேற்பரப்பை நீவி, மூடி வையுங்கள்.

ஒரே ஒருமுறைதான் பொங்கவிட வேண்டும், அதுவும் ஒன்றரை மடங்குவரை மட்டுமே. கோதுமை பிரெட்டுக்குச் சொல்வதுபோல இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால் சுவர் மெலிந்து, ஓவனில் உச்சிக்குப் போய்ப் பிறகு விழும். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கும். நேரத்தைப் பார்க்காமல் டின்னில் ஒரு கோடு போட்டு அளவைப் பாருங்கள். வெயில் காலத்தில் 30 நிமிடத்திலேயே ஆகிவிடலாம். 220 டிகிரியில் 20 நிமிடம், 200 டிகிரியில் இன்னும் 40 நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 97 டிகிரி காட்ட வேண்டும். மேலே சிவந்தால் அலுமினியத் தாளைப் போர்த்துங்கள், சிவந்துவிட்டதே என்று வெளியே எடுக்காதீர்கள். டின்னிலிருந்து உடனே கவிழ்த்து, கம்பித் தட்டில் குறைந்தது 2 மணி நேரம் ஆறவிடுங்கள். ஸ்டார்ச் ஆறும்போதுதான் கெட்டிப்படும். சூடாக வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்டும் பிசுபிசுக்கும். அன்றைக்கே துண்டு போட்டு, மீந்ததை ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது சுட்டுச் சாப்பிடுங்கள். வெளியே வைத்தால் மறுநாளே விறைத்துவிடும்.

பான்கேக் இவ்வளவு பாடுபடுத்தாது: கலவை மாவு 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், முட்டை 1, பால் 180 மில்லி, உப்பு சிட்டிகை. கலந்து 15 நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். விடுமுறையின் முதல் நாளே இதைச் செய்தால் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தைரியம் வரும். பிரெட்டைக் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விளையாட்டு மாவு. கடையில் விற்பதில் கோதுமை இருப்பது சகஜம். குளூட்டன் தோல் வழியாக உள்ளே போகாது, ஆகவே தொட்டாலே ஆபத்து என்று பதற வேண்டாம். ஆனால் நகக்கண்ணில் புகுந்த மாவு வாய்க்குப் போகும். 7 வயதில் விரல் வாய்க்குப் போகாத பிள்ளை அபூர்வம், 4 வயதில் கிடையவே கிடையாது. எனவே கோதுமை மாவு வீட்டில் வேண்டாம். பதிலுக்கு அரிசி மாவு அரை கப், கார்ன்ஃப்ளார் அரை கப், உப்பு அரை கப், க்ரீம் ஆஃப் டார்டார் 2 டீஸ்பூன், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 டீஸ்பூன், உணவு நிறம் சில சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கப் கணக்கே போதும். எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்; பிறகு அடியில் திட்டுத்திட்டாகக் கெட்டிப்பட்டு, சட்டென்று சுருண்டு கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். அப்போது இறக்கிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள். ஒட்டினால் இன்னும் வேகவில்லை, ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள். பொடிந்தால் அதிகம் வெந்துவிட்டது. ஈரக்கையால் பிசைந்தால் சரியாகும். க்ரீம் ஆஃப் டார்டார் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு 4 டீஸ்பூன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூஞ்சை, புளித்த வாடை எது வந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இதில் உப்பு மிக அதிகம், தின்னக் கொடுக்கக் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

செய்ததைக் காயவைத்து வர்ணம் பூசி வைத்துக்கொள்ள விரும்பினால் இந்த மாவு வெடிக்கும். அதற்குச் சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப் சேர்த்து, மசித்த உருளைக்கிழங்கு பதம் வரும்வரை கிண்டி, ஈரத்துணி போர்த்தி ஆறவிடுங்கள். 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள், அவ்வப்போது திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். வெள்ளை வெளேரென்று மழமழப்பாக வரும். காகிதக் கூழ் பொம்மைக்கும் மைதாப் பசை வேண்டாம். கார்ன்ஃப்ளார் காய்ச்சிய பசையே நன்றாக ஒட்டும். மாக்கரோனி கோக்கும் மாலைக்குப் பொத்தான் அல்லது மணி போதும்.

தோழிகள் வரும் நாளில் மகளுக்குத் தனித் தட்டு, மற்றவர்களுக்குக் கோதுமைப் பண்டம் என்று வைக்காதீர்கள். மேசையில் இருப்பது எல்லாமே அவள் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். முந்தின நாளே வெட்டிச் சுட்ட பிஸ்கட், ஐசிங், பழத்துண்டுகள் வைத்து அலங்கரிக்கும் போட்டி வைத்தால் அவள்தான் அங்கே சொல்லிக்கொடுப்பவள். ‘உனக்கு மட்டும் இது’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது. வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தின்பண்டம் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். யாருக்காவது முட்டை, பால், கொட்டை ஒத்துக்கொள்ளாதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். வந்ததும் முதல் வேலை எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது.

இந்தப் பலகாரங்களில் ஸ்டார்ச்சும் சர்க்கரையுமே மிகுதி. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைவு. தினமும் ஒரு வேளையாவது பயறு, கீரை, சிறுதானியம், முட்டை என்று அவள் தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி மாவிலேயே எல்லாவற்றையும் செய்யாமல் தானியத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தவறி ஏதாவது உள்ளே போய்விட்டால் அவளைத் திட்டவோ வாந்தி எடுக்கவைக்கவோ வேண்டாம். குளூட்டனை முறிக்கும் மருந்து கிடையாது. தண்ணீர், ஓய்வு, எளிய சாப்பாடு போதும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காமல் பிள்ளை துவண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். சிலருக்கு அறிகுறி ஒன்றுமே தெரியாது. அதற்காகக் குடல் பாதிக்கவில்லை என்று ஆகிவிடாது. எதைச் சாப்பிட்டாள், எந்த பாக்கெட் என்று தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். எதிர்ப்பொருள் அளவு எதிர்பார்த்தபடி இறங்காவிட்டால் எங்கே கலப்பு நடக்கிறது என்று மருத்துவர் அதிலிருந்துதான் தேடத் தொடங்குவார்.